ஈ-மூன்றுக்கு என்ன அர்த்தம்

குருக்கள்மடத்து வீடு மேனுகாவுக்குச் சீதனமாக எழுதியது. ஆகவே பிரிவு என்று வந்தபோது வெளிக்கிட வேண்டியவன் தனோஜன்தான். உடுப்புப் பெட்டியோடு வந்தவன் உடுப்புப் பெட்டியோடு போகத்தான் நினைத்தான். "மைக்ரோவேவையும் கொண்டு போங்க. உங்கட காசில வாங்கினதுதானே" என்று மேனுகா சொன்னாள். அவனுக்கு அது தேவைப்படவில்லை. வேண்டாம் என்றால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டி வருமே என்று, ஓட்டோவில் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தான்.

இப்போது புளியந்தீவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்து இருக்கிறான். டவுனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை. பொழுதுபட்டதும் வாவிக் கரையோரமாக நடந்து வருவான். மத்தியானம் வாங்கிய சோற்றுப் பார்சலில் பாதி மிச்சம் இருக்கும். அதைக் கோப்பையில் கொட்டிச் சூடாக்கிச் சாப்பிடுவான். அந்த அறையில் அவனோடு சத்தம் போடுகிற சாமான் அந்த மைக்ரோவேவ் ஒன்றுதான்.

அவர்களுக்குள் சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. ஊரார் காரணம் தேடிக் களைத்துப் போனார்கள். கலியாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே தனோஜன் கட்டாருக்குப் போனான். அங்கே இருந்த வருடங்களில் போனில் பேசாத இரவு கிடையாது. அறையில் மற்றவர்கள் குறட்டை விட, போர்வைக்குள் இருந்துகொண்டு அவள் சொல்கிற ஊர்க் கதைகளைக் கேட்டுச் சிரிப்பான். அவனும் சொல்ல ஏதாவது சேர்த்து வைத்திருப்பான். திரும்பி வந்து ஒரே கூரையின் கீழ் இருந்தபோதுதான் இருவருக்கும் பேச்சு வரவில்லை. "சோறு போடவா?" என்பாள். "ஓம்" என்பான். அவள் இருக்கிற அறைக்குள் போக அவனுக்குக் கூச்சமாக இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இப்படியே இரண்டு வருடம் ஓடி, கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்திருந்து பிரிவைப் பேசி முடித்தார்கள்.

ஒருநாள் இரவு கோப்பையை உள்ளே வைத்துப் பொத்தானை அமத்தினான். தட்டு சுற்றவில்லை. கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, நேரம் காட்டுகிற இடத்தில் 'ஈ-3' என்று எழுத்து விழுந்தது. நிறுத்திப் போட்டான், அதே எழுத்து. பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான், அதே எழுத்து. போனில் தேடிப் பார்த்தான். ஒரு கம்பனிக்கு ஈ-3 என்றால் சூடு கூடிவிட்டதாம், இன்னொன்றுக்கு உள்ளே சர்க்கியூட் பலகை பழுதாம். அவனுடைய கம்பனியின் பெயர் எங்கேயும் இல்லை.

மைக்ரோவேவோடு தந்த புத்தகம் மேனுகாவின் குசினி லாச்சிக்குள் கிடக்கிறது. காலையில் திருத்துகிற கடைக்குக் கொண்டு போனால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளுக்கு அழைப்பு எடுத்தான்.

"ஹலோ" என்றாள், தெரியாத ஆளிடம் கேட்பது போல.

"நான்தான். அந்த மைக்ரோவேவ்ட புத்தகம் அங்க இரிக்கா?"

"இரிக்கும். ஏன், என்ன?"

"ஈ-மூண்டு எண்டு காட்டுது. சுத்துதுமில்ல, சூடாகுதுமில்ல."

லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. அது பாதியில் இறுகி நிற்கும். கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். அவள் தூக்கி இழுத்தாள்.

"முன்பக்கமெல்லாம் கவனம், கவனம் எண்டுதான் எழுதியிரிக்கி... நில்லுங்க. ஈ-ஒண்டு, ஈ-ரெண்டு... ஆ, இந்தா. கதவு சரியாப் பூட்டுப்படல்லயாம்."

"கதவு பூட்டித்தானே இரிக்கி."

"உங்களுக்குப் பூட்டித்தான் இரிக்கி. மெசினுக்கு அது விளங்கல்ல போல."

"மறுகா?"

"பிளக்கைக் கழட்டிப் பத்து நிமிசம் வைக்கட்டாம். மறுகா கதவுக் கொக்கி போற ஓட்டையத் துடைச்சுப் போட்டுப் பாக்கட்டாம்."

பிளக்கைக் கழற்றினான். எழுத்து அணைந்தது.

"கழட்டிட்டன்."

"சரி. பத்து நிமிசம்."

அவள் போனை வைத்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் குசினி மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"என்ன சாப்பாடு?" என்று அவள்தான் கேட்டாள்.

"சோறும் மீன் குழம்பும். மத்தியானத்து மிச்சம்."

"ஒவ்வொரு நாளும் கடைச் சோறா?"

"வேற என்ன செய்யிற?"

அவள் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையக்காவின் மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து வெண்டிக் கன்றுகளைத் தின்ற கதையைத் தொடங்கினாள். கேட்கப் போன இடத்தில், "என்ட மாடு வெண்டி திங்காது" என்று ஆச்சிப்பிள்ளையக்கா சாதித்தாவாம். சொல்லிக்கொண்டு நிற்கும்போதே மாடு பின்னால் நின்று வெண்டி இலையை மென்றதாம். ஆச்சிப்பிள்ளையக்காவின் குரலிலேயே சொன்னாள். தனோஜன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவனும் சொன்னான். ஒரு ஐயா கடைக்கு வந்து பைக்குக்குக் கண்ணாடி கேட்டார். எந்த பைக் என்று கேட்டால், சிவப்பு பைக் என்கிறார். என்ன மாடல் ஐயா என்றால், நல்ல சிவப்பு என்கிறார். மேனுகா சிரிக்கத் தொடங்கினால் இலேசில் நிறுத்த மாட்டாள். கட்டாரில் போர்வைக்குள் கேட்ட அதே சிரிப்பு. இடையில் எங்கே போயிருந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும், "இஞ்சருங்க" என்றாள். "போனில எண்டா நாம நல்லாத்தான் கதைக்கிறம், என்ன?"

அவனுக்கு நெஞ்சுக்குள் எத்தனையோ வந்தது. எதை முதலில் சொல்வதென்று பிடிபடவில்லை.

"ஓம்" என்றான்.

சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொல்கிற அதே ஓம். அது அவன் காதிலேயே விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும்.

"பத்து நிமிசம் போயிரிக்கும். பாருங்க" என்றாள்.

போனின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அதன் வெளிச்சத்திலேயே கொக்கி ஓட்டையைப் பார்த்தான். "எறும்பு. முட்டையும் வச்சிரிக்கி. உள்ளுக்குப் பிசுபிசுப்பா என்னவோ காஞ்சு கிடக்கு."

"பாணியா இரிக்கும்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "பெரியாக்கள் வந்த அண்டைக்கு, தயிருக்கு ஊத்தவெண்டு பாணி சூடாக்கினன். பொங்கி வழிஞ்சு போச்சு. துடைச்சன். ஓட்டைக்குள்ள போனதக் காணல்ல."

அந்த நாள் அவனுக்கு நினைவு வந்தது. விறாந்தையில் பெரியவர்கள் தயிர்க் கோப்பைகளோடு இருந்தார்கள். அவன் கையிலும் ஒன்று இருந்தது. குசினிக்குப் போன மேனுகா வெகுநேரமாக வரவில்லை. உள்ளே இருந்து அழுகிறாள் என்றே அவன் நினைத்தான். அப்படி நினைத்தும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"நான் நினைச்சன், நீ அழுறாய் எண்டு."

"ரெண்டுந்தான்" என்றாள்.

அவன் துணித் துண்டை நனைத்துக் கரண்டிக் காம்பில் சுற்றி ஓட்டையைத் துடைத்தான். எறும்புகள் அவன் கைவழியே ஏறி ஓடின. காய்ந்த பாணி கரைந்து துணியில் மண்ணிறமாக வந்தது. ஈரம் போகத் துடைத்து, பிளக்கைப் போட்டு, ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். விளக்கு எரிந்தது. தட்டு சுற்றியது.

"சுத்துது."

"சூடாகுதா?"

கப்பை எடுத்துத் தொட்டுப் பார்த்தான். "ஓம், சூடாகுது."

"அப்ப சரி. சாப்பிடுங்க."

"மேனுகா, அந்தப் புத்தகம் அங்கயே கிடக்கட்டும். மறுகா ஏதும் எண்டா கேக்கிறன்."

"சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே மேனுகாவின் தம்பி நிதுர்ஷன் கடைக்கு வந்தான். முன்பென்றால் வாசலிலேயே "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். அன்று கல்லாவுக்கு அந்தப் பக்கமே நின்று, முறை ஒன்றும் சொல்லாமல் ஒரு பையை நீட்டினான்.

"அக்கா குடுக்கச் சொன்னா."

"அக்கா ஏதும் சொன்னவவா?"

"இல்ல. லாச்சி, அலுமாரியெல்லாம் துப்பரவாக்கினவ."

அறைக்குப் போன பிறகுதான் பையைத் திறந்தான். மேலே மைக்ரோவேவ் புத்தகம், கூடவே வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு. அதன் கீழே அவன் மறந்துவிட்டு வந்த போன் சார்ஜர், காலாவதியான கட்டார் அடையாள அட்டை, நகம் வெட்டி. அடியில் இரண்டு சேட். கழுவி, மடிப்புக் குலையாமல் ஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் அறுந்து போயிருந்த பொத்தானும் தைக்கப்பட்டிருந்தது.

"எல்லாம் கிடைச்சுது" என்று செய்தி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெருவிரல் படம் வந்தது. இன்னும் ஏதாவது எழுதுவாளோ என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது தானாக அணைந்தது. தொட்டு எழுப்பினான். மறுபடியும் அணைந்தது.

எழும்பிப் போய்ச் சோற்றைக் கோப்பையில் கொட்டி உள்ளே வைத்து, பொத்தானை அமத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தான். அன்று கடையில் முதலாளியும் ஒரு வாடிக்கையாளரும் ஒரே பெயர்க்காரராக இருந்ததில் பெரிய பகிடி ஒன்று நடந்திருந்தது. அதை எங்கே தொடங்கிச் சொன்னால் நல்லாயிருக்கும், எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், யாருடைய குரலில் முடிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்தினான். கதை நன்றாகத்தான் வந்தது. அதற்குள் மைக்ரோவேவ் மணி அடித்தது. கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான்.