கேரண்டியின் அண்ணன்

கட்டில், நாற்காலி, பீரோ விற்கிற அந்தக் கடையில் எழுத்தில் உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை. வாங்க வந்தவர் நாற்காலிக் காலை ஆட்டிப் பார்த்து, "தாங்குமா?" என்று இழுத்தால், முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்: "கேரண்டியை வரச்சொல்லு!"

பீரோக்களுக்கு நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒரு மனிதர் வருவார். வந்தவர் அவரை ஒரு தரம் பார்ப்பார், நாற்காலியை ஒரு தரம் பார்ப்பார். கேரண்டி வணக்கம் சொல்லிவிட்டுப் பொத்தென்று அதில் உட்காருவார். உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு குதி குதிப்பார். கட்டிலாக இருந்தால் விழுந்து புரளுவார். "இவரையே தாங்குது. உங்க வீட்ல இவரை விடப் பெரிய ஆளு யாராவது இருக்காங்களா?" என்பார் முதலாளி. எல்லோரும் சிரிப்பார்கள், கேரண்டியும் சிரிப்பார், அதற்குள் பில் எழுதியாகிவிடும். அவருக்கு வேறு பெயர் ஒன்று உண்டு என்பது சம்பளத்தன்றுதான் கடைக்கு ஞாபகம் வரும்.

அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. கடையில் எதன்மேலும் குதிக்கிற மனிதர் வெளியே போனால் எதிலும் உட்காரமாட்டார். மைத்துனன் வீட்டு விருந்தில் ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. தட்டோடு கீழே கிடந்தவரைத் தூக்க நாலு பேர் வந்தார்கள், படம் பிடிக்கப் பத்துப் பேர் வந்தார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், "முதுகு பிடிச்சிருக்கு, நிக்கிறேன்" என்பதுதான் அவர் பாட்டு.

அவர் நிம்மதியாக உட்கார்ந்தது தன் வீட்டுத் தாழ்வான சோபாவில்தான். பக்கத்தில் மனைவி உட்காருவாள். இரண்டு பேரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசியபடி சாப்பிடுவார்கள். அவர் தட்டை வழித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்பார். எல்லாம் முடிந்ததும், "கையைக் கொடு" என்பார். அவள் முன்னால் வந்து நின்று, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பாள். அவர் எழுந்து நிற்பார். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் சாப்பாடு இப்படித்தான் முடிந்தது.

பிறகு தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. அவள் தூங்காமல் அவர் மார்பையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மூச்சு நிற்கிற போதெல்லாம் விலாவில் இடிப்பாள். முட்டி போயிற்று, சர்க்கரை ஏறியது. டாக்டர் கடைசியில், "ஆபரேஷன்தான்" என்றார். கேரண்டி தயங்கினார். "நான் எத்தனை நாளைக்குத்தான் இடிச்சுக்கிட்டே இருக்கறது?" என்று அவள் அழுதாள். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

சிக்கனமாக இருப்பவர்களைப் பற்றி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தார்கள் என்று சொல்வதுண்டு. கேரண்டிக்கு டாக்டர் வயிற்றை மட்டும் கட்டினார், வாயைக் கட்ட மறந்துவிட்டார். வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று கரண்டி வரை மரியாதையாக இறங்கும். ஆசைப்பட்டு நாலாவது போட்டால் அது நெஞ்சிலேயே நின்றுகொண்டு மேலேயும் போகாது, கீழேயும் போகாது. யாருக்கும் தெரியாமல் ஒருநாள் ஒரு துண்டு இனிப்பைத் தின்றுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, போய்விட்டோம் என்றே நினைத்துப் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, கூழாகும் வரை மெல்ல வேண்டும், மெல்லும்போது பேசக்கூடாது. எனவே வீட்டில் ஊர்வம்பு நின்றது. பேசாமல் மூன்று கரண்டி மென்றுவிட்டு, சோபாவிலிருந்து தானே விருட்டென்று எழுந்து கை கழுவப் போய்விடுவார். அப்படி எழுந்திருப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

அவள் கைக்கு மட்டும் ஆபரேஷன் நடக்கவில்லை. பழைய பானையிலேயே, பழைய அளவிலேயே அரிசி போட்டாள். "யாருக்கு இவ்வளவு?" என்று அவர் கேட்டால், "கை அப்படியே போட்டுடுதுங்க, நான் என்ன பண்ண?" என்பாள். மிஞ்சியதை மறுநாள் தனியாகச் சாப்பிட்டாள்.

ஒரு வருஷத்தில் அவர் பாதி ஆளானார். ஆனால் அது அவருக்கே சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. தாராளமாக நடக்கிற வழியிலும் பீரோக்களுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நகர்ந்தார். பேருந்தில் இடம் இருந்தும் நின்றார். கண்ணாடி வைத்த பீரோவில் ஒருநாள் ஒரு ஒல்லி மனிதர் எதிரே வர, "வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்று ஒதுங்கி வழிவிட்டார். பாலிஷ் போடுகிறவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். குளிக்கும்போதுதான் கஷ்டம். வயிற்றுத் தோல் மடிந்து மடிந்து தொங்கியது. குடியிருந்த ஆள் காலி செய்துகொண்டு போய்விட்டான், திரையை மட்டும் கழற்றவில்லை. அதை மடித்துக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போவார்.

வேலைதான் இப்போது சந்தேகமாகிவிட்டது. "கேரண்டியை வரச்சொல்லு!" என்று முதலாளி பழக்கத்தில் கூப்பிட்டு, அவரும் வந்து உட்கார்ந்து குதித்தால், "இவரு உட்கார்ந்தது அந்த நாற்காலிக்கே தெரிஞ்சிருக்காதே!" என்று வாங்க வந்தவர்கள் நகர்ந்தார்கள். முதலாளி சிமெண்டு மூட்டையை ஏற்றி வைத்துப் பார்த்தார். "மூட்டை குதிக்குமா?" என்று கேட்டார் ஒருவர். அவர் கேட்டதும் நியாயம்தானே.

"உடம்பு நல்லாகணும்னுதான் நானும் லீவு குடுத்தேன்" என்று முதலாளி புலம்பினார். "இப்படி அடியோட நல்லாயிடும்னு யாரு கண்டா? இந்த மாசம் பாப்பேன். சரிப்படலைன்னா நீ குடோன்ல மூட்டை கட்டற வேலைக்குப் போயிடு, என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது."

குடோனில் சாக்குத் தூசி. பேச ஆள் கிடையாது. கேரண்டி அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு குதி கூடுதலாகவே குதித்துக் காட்டினார்.

யோசனை முதலாளிக்குத்தான் வந்தது. பழைய நாளில் விளம்பரத்துக்காக எடுத்த படம் ஒன்று இருந்தது: பெரிய சாய்வு நாற்காலி நிறைய உட்கார்ந்து கேரண்டி சிரிக்கிற படம். அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடை நடுச்சுவரில் மாட்டினார். இவரையே தாங்கிய நாற்காலி என்று எல்லோருக்கும் புரியும் என்பது அவர் கணக்கு.

சுவரில் அவ்வளவு பெரிய படத்தில் ஒருவர் சிரித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? முதல் நாளே ஒரு பெரியவர் படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "யாரு தம்பி இவரு? உங்க ஜாடை இருக்கே. அண்ணனா?"

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார் கேரண்டி. அந்தத் தொப்பையை, சட்டைப் பொத்தான்களின் இடைவெளியில் பிதுங்கும் சதையைப் பார்த்தார். வாய் வேறு சொன்னது: "ஆமாங்க. எங்க அண்ணன்."

"அடடா. எப்படித் தவறினாரு?"

"வாயைக் கட்டலீங்க."

பெரியவர் உச்சுக் கொட்டினார். "இந்தச் சிரிப்பைப் பாத்தா மனசு கேக்கல. அந்த நாற்காலி மாதிரியே ஒண்ணு போடுங்க" என்றார்.

முதலாளி கேரண்டியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். நீ இதையே சொல்லு!"

சொன்னார். சொல்லச் சொல்ல ருசித்தது. நாலாவது கரண்டி வேண்டாம் என்று தடுக்க இதில் டாக்டர் யாரும் இல்லை. அண்ணன் நாளுக்கு நாள் வளர்ந்தான். பந்தியில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து கடைசியாக எழுந்தான். நாற்காலிகளை உடைத்தான். சோம்பேறி, வெட்கம் கெட்டவன், தின்னிப்பண்டாரம். முப்பது வருஷமாக ஊர் தன்னைச் சொன்ன சொல்லையெல்லாம் தம்பி ஒன்றுவிடாமல் அண்ணன் தலையில் இறக்கிவைத்தார். கேட்டவர்கள் இவருடைய ஒல்லி உடம்பை மரியாதையாகப் பார்த்து, "நீங்க சூதானமா இருக்கீங்க" என்றார்கள். அவருக்கு அதுதான் இனிப்பு. தின்றாலும் வேர்க்காத இனிப்பு. குடோன் பேச்சும் நின்றுபோனது.

இந்த விஷயம் எதுவும் வீட்டுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் அவர் தன் சாப்பாட்டுக் கிண்ணத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வர, வேளை தவறினால் அவருக்கு மயக்கம் வருமே என்று மனைவியே அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்போது ஒரு தம்பதி கட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேரண்டி வாசலுக்கு முதுகு காட்டி நின்று, படத்தைக் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணனுக்குத் திங்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. கட்டினவளைப் பத்தி ஒரு நினைப்புக் கிடையாது. அந்தம்மா பாவம், ஒரு சுகத்தையும் காணல. இப்படி ஒரு ஆளு இருந்து யாருக்கு என்ன லாபம் சொல்லுங்க? போனதே நல்லது."

தம்பதியில் பெண்ணின் பார்வை வாசல் பக்கம் போனதும் கேரண்டி திரும்பினார். மனைவி கிண்ணத்தோடு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அவருக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அவர்கூடப் பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன்" என்றாள் அவள்.

"ஐயோ பாவம்" என்றார் அந்தப் பெண்ணின் கணவர்.

"இவரு சொல்றதை நம்பாதீங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "உப்பில்லாம சமைச்சுப் போட்டாக்கூட தட்டை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, இன்னும் இருக்கான்னு கேப்பாரு. தெருவுல நடந்தது, கடையில நடந்தது எல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பாரு. எந்திரிக்கறப்ப என் கையைப் பிடிச்சுக்குவாரு." கிண்ணத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவரு உயிரோட இருந்தாப் போதும்னு நான்தான் அழுதேன். உயிரு இருக்கு. இப்ப என் கையை யாரும் கேக்கறதில்ல."

வந்தவர்களுக்குக் கடைசியில் சொன்னது புரியவில்லை. கேரண்டிக்கு மட்டும் முழுசாகப் புரிந்தது. தான் விருட்டென்று எழுந்த ஒவ்வொரு தடவையும், பாதித் தட்டோடு அவள் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"உங்களுக்கு இப்போ துணைக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இவருதான்" என்றாள் மனைவி. "நல்லவருதான். என்ன, கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் நேரமில்ல."

தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லாவில் முதலாளி, கெட்டுது போ என்று தலையில் கைவைத்தார்.

கேரண்டி பக்கத்தில் கிடந்த தாழ்வான சோபாவில் உட்கார்ந்தார். உட்காருமுன் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் போட்டு மென்றார். மெல்லும்போது பேசக்கூடாது. பேசினார்.

"நல்லாயிருக்கு."

"உப்பு போடல" என்றாள் அவள்.

"தெரியுது. இன்னும் இருக்கா?"

"இருந்தா? சாப்பிட்டுடப் போறீங்களாக்கும்!"

அவர் மூன்று கரண்டியையும், தெருமுனையில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே, அரைகுறையாக மென்று விழுங்கினார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கையைக் கொடு."

"எதுக்கு? தானா எந்திரிக்க முடியாதா?"

"முடியும். கொடு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு முன்னால் வந்து, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, பதினெட்டு வருஷத்துப் பழக்கத்தில் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கைக்குத்தான் அளவு தெரியாதே. பாதி ஆளாகிவிட்ட மனுஷன் சோபாவிலிருந்து பறந்து வந்தார். அவள் மேல் மோதி, அவளையும் தள்ளிக்கொண்டு, இரண்டு பேருமாக அந்தத் தம்பதி பார்த்துக்கொண்டிருந்த கட்டிலில் தொம்மென்று விழுந்தார்கள். கடையே அதிர்ந்தது. கட்டில் ஒரு முனகல்கூட முனகவில்லை.

"பாத்தீங்களா!" என்று முதலாளி கல்லாவை விட்டே குதித்து வந்தார். "பாத்தீங்களா சார்! ரெண்டு பேரு மேலேருந்து விழுந்தும் ஏதாவது ஆச்சா?"

"கட்டில் சரிங்க" என்றார் அந்தக் கணவர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். "ஆனா இதெல்லாம்... அண்ணன் பொண்டாட்டி..."

கேரண்டி படுத்தபடியே சுவரைப் பார்த்தார். அங்கே அந்தப் பெரிய மனிதர் நாற்காலி நிறைய உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்லீங்க" என்றார். "அந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "நம்ப முடியலையே!"

"எனக்கும்தாங்க முடியல" என்றாள் மனைவி, அவர் கையை விடாமல். "இந்த ஒரு வருஷமா."