சோதனைப் பிரதியின் முகவரி

புருஷனிடம் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களை மறைத்து வைக்கும் அலுவலகம் அது. எவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அங்கிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான் தெரியும். அதிலிருந்த மென்பொருளைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. புது மெஷினில் அது ஓடாது. அலுவலகத்தின் கம்ப்யூட்டர்காரி அதோடு மல்லுக்கட்டி, கிழத்தை அப்படியே மென்பொருளாலேயே ஆன ஒரு மெய்நிகர்க் கணினியாக்கி, இணையத்தில் கிளவுடில் ஏற்றிவிட்டாள். இனி எந்த லேப்டாப்பிலும் திறக்கலாம்.

ஊழியர்கள் பழகிப் பார்க்க ஒரு சோதனைப் பிரதியும் போட்டாள். அதில் நிஜ முகவரிகள் இருக்கக் கூடாது. ஆனால் அந்த மென்பொருள் சரியான பிடிவாதக்காரன். ஊரில் இல்லாத தெருவை எழுதினால் ஏற்றுக்கொள்ளாது. அந்த எரிச்சலில் எல்லாப் பெண்களுக்கும் தன் வீட்டு முகவரியையே போட்டுவைத்தாள். வீட்டில் அவளும் தச்சுவேலை செய்யும் அண்ணனும்தான்.

அன்று மத்தியானம் வாசல் காவலாளியின் மண்டையைப் பிளந்துவிட்டு ஒருவன் உள்ளே வந்தான். போன மாதம் தாடை உடைந்து வந்தாளே, அவளுடைய புருஷன்.

"எங்கடி அவ?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல தம்பி. அத நிறுத்தி நாளாச்சு" என்றார் காப்பாளர் அம்மா.

அவன் இரும்புக் கம்பியால் கிழட்டுக் கம்ப்யூட்டரை நொறுக்கினான். அடுத்த அடி அம்மாவின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அம்மாவின் தலைமுடியைப் பிடித்து, கழுத்தில் கத்தியை வைத்தான்.

"எங்கயோ ஏத்தி வச்சிருக்கீங்கல்ல? தொறடி!"

கம்ப்யூட்டர்காரியின் திரையில் இரண்டு பிரதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உடைந்த தாடையை ஆஸ்பத்திரியில் கம்பியால் கட்டியிருக்கும் அந்தப் பெண்ணால் வாய்விட்டுக் கத்தக்கூட முடியாது. கம்ப்யூட்டர்காரி சோதனைப் பிரதியைத் திறந்தாள்.

அவன் முகவரியை உரக்கப் படித்தான். தன் தெருவின் பெயரை அவன் வாயில் கேட்டபோதுதான் அவளுக்கு அண்ணன் நினைவு வந்தது. இந்நேரம் அவன் கதவை விரியத் திறந்து வைத்து மரம் இழைத்துக்கொண்டிருப்பான். பொய் என்று சொன்னால் கத்தி இறங்கும், அடுத்த பிரதியைத் திறக்கச் சொல்வான்.

அவன் லேப்டாப்பையும் போன்களையும் உடைத்துப்போட்டுவிட்டு ஓடினான்.

தெருவில் போனவர் ஒருவரிடம் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இழைப்பு மெஷினின் இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? போலீசுக்குச் சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டில் மரச்சுருள்கள் ரத்தத்தில் ஊறிக் கிடந்தன. அந்த ஆள் குப்புறக் கிடந்து ஊளையிட்டான். சுத்தியல் அவன் முழங்காலைக் கூழாக்கியிருந்தது. அண்ணன் அவன் முதுகின்மேல் உட்கார்ந்திருந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கத்தியில் அறுபட்ட அவன் விரல்கள் இழைப்புப் பலகைக்கடியில் கிடந்தன.

"வந்ததும் வராததுமா 'எங்கடா என் பொண்டாட்டி'ங்கிறான். 'எனக்கே ஒருத்தியும் அமையல, உன்னோடதுக்கு நான் எங்கடா போவேன்'னேன். கத்திய எடுத்துட்டான்."

"நான்தாண்ணா அட்ரஸக் குடுத்தேன்." அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு?"

"அவ எங்க இருக்கான்னு இவனுக்குத் தெரியாது."

அண்ணன் இடது கையால் அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தான். "என் வீட்டு அட்ரஸப் போடுறப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி!" அதற்குப் பிறகு அவனும் அழுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று கேட்டான்: "கம்ப்யூட்டர்ல நம்ம அட்ரஸ மாத்திட்டியா?"

"இல்லண்ணா. நெஜமான தெருவாத்தான் இருக்கணும். வேற யார் வீட்டு அட்ரஸப் போடுறதுன்னு தெரியல."

அண்ணன் கட்டுப் போட்ட கையோடு எழுந்து, கதவுக்குப் பின்னால் அவளை ஓர் ஆணியைப் பிடிக்கச் சொல்லி, இடது கையால் அடித்து, சுத்தியலை அதில் மாட்டினான்.

"அட்ரஸ் இதே இருக்கட்டும்" என்றான்.