குட்டி முத்தமிழின் விம்மல்

ஜெயங்கொண்டத்துக் காதுகுத்து விழாவில், மண்டப வாசல் ஃபிளெக்ஸில் முத்தமிழுக்கு இன்னும் ஒன்பது வயதுதான். இரட்டைச் சடை, முன்பல் விழுந்த சிரிப்பு. மேடையேறியவளுக்குத் தலையில் நரை எட்டிப் பார்த்தது. ஆனாலும் மைக்கில் "குட்டி முத்தமிழ்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய இப்போதைய குரல் எந்த விழா வீட்டுக்காரருக்கும் வேண்டாம். ஒன்பது வயதில் அவள் பாடிய பழைய ரெக்கார்டை ஓடவிடுவார்கள். அவள் வாயசைத்தால் போதும். சரணத்தின் நடுவே அந்தக் குழந்தை ஒரு விம்மு விம்மும். ஊர் உலகமெல்லாம் உருகியது அந்த விம்மலுக்குத்தான். ரெக்கார்டிங்கில் அப்பா பின்னால் நின்று அவள் இடது கையைக் கிள்ளியது யாருக்குத் தெரியும்?

அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. இன்றும் அந்த இடம் வந்ததும் சுருக்கென்று வலித்தது. குனிந்து பார்த்தாள். மைக் பிடித்த இடது கையைக் கிள்ளிக்கொண்டிருந்தது அவளுடைய வலது கைதான்.

மேடையை விட்டு இறங்கியதும், ஒரு பெண் தன் மகளை முன்னால் தள்ளினாள்.

"அக்கா, டிவி செலக்சனுக்கு உங்க பாட்டத்தான் பாடப்போறா. எல்லாம் வந்துடுது, அந்த விம்மல் மட்டும் வரமாட்டேங்குது. எப்படிக்கா வரவைக்கிறது?"

"பாடு கண்ணு," என்று முத்தமிழ் சிறுமியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

பிசிறில்லாமல் பாடினாள் சிறுமி. சரணத்தின் நடுவே விம்மினாள்.

"அய்யோ, அப்படியே வருதுக்கா!" தாய்க்கு வாயெல்லாம் பல்.

முத்தமிழ் தன் வலது கையைத் தேடினாள். அது சிறுமியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.