துண்டு ஆடினால்

புருஷனை "வாங்க, போங்க" என்று கூப்பிட விசாலாட்சிக்கு வாய் பழகவே கல்யாணமாகி ஒரு வருஷம் பிடித்தது. பின்னே இருக்காதா! மூக்கு ஒழுக அரை டிராயரோடு நின்ற காலத்திலிருந்து பார்த்த ஆள். கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறிய மறுநாளே மரியாதை கொடு என்றால் நாக்கு கேட்குமா? மாமியார் முறைக்க முறைக்கத்தான் "டேய் கோவிந்து" கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து "என்னங்க" ஆனது.

இருவருக்கும் அந்தமானில் வண்டூர்தான் பிறந்த ஊர். இரண்டு பேருடைய அப்பாமாரும் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி, சர்க்கார் ரோடு வேலைக்கு வந்து, அந்தக் கையோடு பக்கத்துப் பக்கத்தில் வயல் திருத்தியவர்கள். கோவிந்தராஜின் அப்பாவுக்குப் பேச்சுக்கு முன்னால் கை வந்துவிடும். மகனோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வயலோரத் தென்னைகளில் ஏறிக் கிடப்பான். வரப்பில் காவல் நிற்பது விசாலாட்சியின் வேலை. ரோட்டில் அவன் அப்பாவின் தலை தெரிந்ததும் ஒரு துண்டைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டுவாள். துண்டு ஆடினால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும், அசையக்கூடாது. துண்டு கீழே இறங்கினால்தான் வெளியே வரலாம். அந்த ஏற்பாடு இருந்தவரை ஒருநாள்கூட அவன் அகப்பட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகாவது விட்டதா? மதுரையில் மகன் கோகுலின் வீட்டுக்குச் சம்பந்தி வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். வாய் வலிக்காத மனுஷன். அந்த நாட்களில் விசாலாட்சி மொட்டை மாடிக்குப் போய்த் துணி உலர்த்துகிறவள்போலத் துண்டை ஆட்டுவாள். காய்கறிப் பையோடு தெருமுனை திரும்பிய கோவிந்தராஜ் அப்படியே டீக்கடைக்குள் நுழைந்துவிடுவார். அவள் இறக்கிக் காட்டுகிறவரை மழை பெய்தாலும் வரமாட்டார். "சட்டம்னா சட்டம்டி" என்பார். பேரன் எடுத்த வயதில் அடிக்கிற கூத்தா இது என்று மருமகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இத்தனை சிரிப்புக்கும் அடியில் ஒரு கல் கிடந்தது. அவர்களுக்கு மூத்தது பெண். உமா மகேஸ்வரி என்று பேர். நாலு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் போய்விட்டாள். பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் இல்லை. வயலோரத்தில், கோவிந்தராஜ் ஒளிந்து விளையாடிய அதே தென்னையடியில் புதைத்தார்கள். அவள் போன நாளில் வருஷம் தவறாமல் விசாலாட்சி அங்கே பால் ஊற்றி வந்தாள். பிறகு சுனாமி வந்தது. பூமி ஆடிய ஆட்டத்தில் அந்தப் பக்கத்து நிலமே கீழே அமுங்கிவிட்டது. மற்ற ஊர்களில் வந்த கடல் திரும்பிப் போனது. வண்டூர் வயலில் வந்த கடல் குடித்தனமே வைத்துவிட்டது. முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் கப்பல், அப்புறம் மெயின்லேண்ட். பிள்ளைக்கு ஒரு வாய்ப் பால் ஊற்றாமல் கிளம்பி வந்தவள் விசாலாட்சி.

இப்போது அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்லி, அடுத்த மாதத்தில் தேதியும் குறித்துவிட்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு அவள் சொன்னாள்: "பொழச்சு வந்தா சரி. போயிட்டேன்னா, எம்பிள்ளை கெடக்குற மண்ணு ஒரு பிடி எங்கூட வைக்கணும். வெறுங்கையோட நான் போகமாட்டேன்." மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோவிந்தராஜ் அவனைக் கையமர்த்திவிட்டு, "போய் எடுத்துட்டு வந்துருவோம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவள் கேட்டு அவர் இல்லை என்று சொன்ன பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

இருவரும் விமானத்தில் அந்தமான் வந்து, ஷாதிபூரில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் ஆட்டோ பிடித்தார்கள். பௌர்ணமி அன்றைக்குத்தான் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கூட்டி வந்தவர் அவர். பௌர்ணமிச் சாயங்காலம் கடல் நன்றாக உள்வாங்கும், தரை தெரியும். ஆட்டோக்காரனிடம் வழியெல்லாம் தீவு ஹிந்தியில் பீற்றிக்கொண்டே வந்தார். இந்த வளைவில்தான் சைக்கிளோடு விழுந்தேன், இந்த மாமரத்தில்தான் இவளுக்குக் காய் பறித்துக் கொடுத்தேன்.

"பறிச்சுக் குடுத்தீங்களா? நான் பொறுக்கி வச்சதை நீங்கதான் தின்னீங்க" என்றாள் விசாலாட்சி.

"பாத்தியா தம்பி, வால்வு போனாலும் வாய் போகலை" என்றார் அவர். ஆட்டோக்காரனுக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, சிரித்தான்.

இறங்கிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுபோனது. ரோட்டுக்கு மேட்டுப் பக்கம் வீடுகள் அப்படியேதான் இருந்தன. பள்ளத்துப் பக்கம் ஊரே இல்லை. வயல் இருந்த இடமெல்லாம் கறுத்த சேறு. சேற்றுக்கு அப்பால் ஓடைத் தண்ணீர், அதற்கும் அப்பால் அலையாத்திப் புதர். உப்புத் தண்ணீர் குடித்துச் செத்த தென்னைகள், தலையில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. விசாலாட்சி ரோட்டு விளிம்புக்கு வந்து நின்றாள். இதிலே எது என் பிள்ளையுடைய மரம் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று.

மேட்டு வீட்டிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். அன்னம்மாள். இவர்களோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அலை வந்தபோதும் ஊரை விட்டுப் போகாதவள். விசாலாட்சியைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். வந்த காரியத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அங்கிட்டு இறங்காதீங்க கோவிந்தண்ணே. மகர்மச் இருக்கு, பெரிய முதலை. ஃபாரஸ்ட்காரன் போர்டு வச்சிருக்கானே, பாக்கலையா? போன மழையில எம் ஆட்டைக் கண்ணு முன்னாலயே இழுத்துட்டுப் போச்சு."

"வயல்ல ஏதும்மா முதலை? நாம இருந்த காலத்துல தவளைதானே கத்துச்சு?"

"இப்ப அது வயலு இல்லண்ணே. பூரா சமுந்தர், கடலு. சொன்னாக் கேளுங்க. நாளைக்கு எம் மகன் டிங்கிப் படகுல கூட்டிட்டுப் போவான். இன்னிக்கு அவன் ஜங்லிகாட் போயிட்டான்."

"நாளைக்குத் தண்ணி இவ்வளவு வத்துமோ என்னமோ. என் வயல்ல நான் இறங்குறதுக்கு எவன் போர்டு வைக்கிறது?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் கோவிந்தராஜ்.

கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்! விசாலாட்சி பக்கத்திலேதானே நின்றாள். "வேண்டாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மடித்த வேட்டியை அவிழ்த்து விட்டிருப்பார். அவள் சொல்லவில்லை. அவளுக்கு அந்த மண் வேண்டியிருந்தது.

தானும் வருவேன் என்றுதான் இறங்கினாள். கணுக்கால் சேற்றில் புதைந்ததுமே மூச்சு இழுத்தது. அவர் கையைப் பிடித்து ஏற்றி, ரோட்டோரக் கல்லில் உட்கார வைத்தார். காதில் இருந்த மெஷினைக் கழற்றி அதன் டப்பியில் போட்டு அவள் கையில் கொடுத்தார். தோள்துண்டையும் எடுத்து அவள் மடியில் போட்டார்.

"இது நனைஞ்சா வீணாப் போயிரும். பத்திரம்."

"கழட்டிட்டா நான் பேசுறது கேக்காதே" என்றாள்.

அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, "கொஞ்ச நேரம் நிம்மதி" என்று கண்ணடித்தார். பால் பாட்டிலையும் எவர்சில்வர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

எழுபதை நெருங்குகிற கால், சேற்றைக் கண்டதும் சின்னப் பையன் காலாகிவிட்டது. எங்கே மிதித்தால் புதையும், எங்கே மிதித்தால் தாங்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நண்டுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓடின. அவர் ஒவ்வொரு மொட்டைத் தென்னையாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். ஓடை விளிம்பில் நின்ற ஒரு மரத்தில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இவள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் உயர்த்தினார். ஏறுவதற்காகச் சிறுவயதில் அவர் அரிவாளால் வெட்டிய படிகள் அந்த மரத்தில்தான் இருந்தன. அப்பாவிடம் உதை வாங்கித் தந்த படிகள்.

"கெடைச்சுருச்சு அன்னம்" என்றாள் விசாலாட்சி. "எம்பிள்ளை கெடைச்சுட்டா." அழுகை பீறிட்டு வந்தது. துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். அவர் மரத்தடியில் பாலை ஊற்றுவது தெரிந்தது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைப் பறித்து டப்பாவில் போட ஆரம்பித்தார். ஒரு பிடி போதும் என்றுதான் அவள் சொன்னாள். அவர் டப்பா நிறைய அள்ளினார். அவளுக்கு எதையும் அரைகுறையாகக் கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், அலையாத்திப் புதரடியில் சேறு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. விசாலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நகர்ந்தது சேறு இல்லை. சத்தமே இல்லாமல் அது தண்ணீரில் இறங்கிற்று.

"அரே, மகர்! அண்ணே! அண்ணே!" என்று அலறினாள் அன்னம்மாள்.

"என்னங்க! என்னங்க, இங்க வாங்க!" விசாலாட்சிக்குக் குரல் எழும்பவில்லை. எழும்பினால் மட்டும்? அவருடைய காது அவள் கைக்குள் அல்லவா இருந்தது! "டேய் கோவிந்து! எந்திரிச்சு ஓடியாடா!" இத்தனை வருஷத்து மரியாதையும் பறந்தது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் எழுந்து நின்றாள். மடியில் கிடந்த துண்டைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டினாள்.

அவர் பார்த்துவிட்டார்.

பார்த்ததும் சிரித்தார். அவ்வளவு தூரத்திலும் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்தது. மரமும் கிடைத்தது, மகளும் கிடைத்தாள்; பழைய விளையாட்டையும் விளையாடிப் பார்க்கிறாள் கிழவி என்று நினைத்திருப்பார், பாவம். ஒரு தரம் ரோட்டுப் பக்கம் திருட்டு முழி முழித்தார், அந்தப் பழைய பயல் மாதிரியே. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, தென்னைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ரோட்டுக்கு மறைவென்றால் ஓடைப் பக்கம். தண்ணீரின் ஓரம்.

"ஐயோ, அந்தப் பக்கம் போகாத! போகாத!" அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அவர் இன்னும் ஒடுங்கினார். வெளியே தெரிந்த முழங்கையைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒளிந்துகொள், அசையாதே என்று தானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடிப்பாவி, நீயேதான் சொல்கிறாய்!

துண்டைச் சட்டென்று கீழே இறக்கினாள்.

மரத்துக்குப் பக்கவாட்டில் அந்த வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. வரலாமா என்று கேட்பதுபோல ஒரு கை மேலே வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் பிளந்தது.

அவர் கத்தினாரா என்று அன்னம்மாளைப் பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. இல்லை என்றாள். ஒரே ஒரு சத்தம், மடையைத் திறந்துவிட்டால் வருமே, அப்படி. அப்புறம் ஓடை தன்பாட்டுக்குக் கிடந்தது. மரம் மட்டும் நின்றது.

ஜனம் கூடிவிட்டது. ஃபாரஸ்ட் ஆட்கள் டிங்கியில் வந்தார்கள். தண்ணீர் ஏற ஏறத் தேடினார்கள். ஒருவன் மரத்தடியில் கிடந்த எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து விசாலாட்சியின் பக்கத்தில் வைத்தான். மூடி இறுக மூடியிருந்தது. உள்ளே விளிம்பு வரைக்கும் மண் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

ரோட்டோரக் கல்லைவிட்டு அவள் எழுந்திருக்கவுமில்லை. காலடியில் துண்டைத் தரையோடு தரையாக விரித்துப் போட்டு, ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று அதன் ஓரத்தைக் கிளப்பும்போதெல்லாம் அவசர அவசரமாகக் கையால் அழுத்தினாள். வெளிச்சம் மங்கிக் குளிரத் தொடங்கியதும், போர்த்திவிடலாமென்று அன்னம்மாள் குனிந்து துண்டின் நுனியைப் பிடித்தாள்.

"தூக்காதே அன்னம்" என்றாள் விசாலாட்சி. "தூக்குனா அவர் வரமாட்டார்."