நிழல் முறை

கிளிநொச்சியில் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் ஓடும் கறுக்காயாற்றங்கரைக்கு, மருத மரங்கள் வளருவதற்கு முந்தியே அவற்றின் நிழல் வந்து சேர்ந்தது. ஆலைக் கழிவும் ஓட்டுத் தொழிற்சாலைச் சேறும் அள்ளப்பட்டு, ஆறு பழையபடி மீன் தெரிய ஓடத் தொடங்கி, கரை நெடுக நடைபாதை போட்டு, அதன் ஓரம் முழங்கால் உயரக் கன்றுகள் நட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. பெருமரங்களின் நிழல் பாதை முழுக்க விழுந்து கிடந்தது. காற்றடித்தால் இலைகளின் நிழல் அசைந்தது. வைத்தியர் நடக்கச் சொன்ன சீனி வருத்தக்காரர் பின்னேர நடையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நிழலில் கிளை தாழ்ந்திருந்த இடங்களில் ஆட்கள் தலை குனிந்து போனார்கள். நெடுங்கேணியிலிருந்து வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். அவர்களுடைய ஊரில் மரமும் நிழலும் சேர்ந்தே இருந்தன.

சிவலட்சுமிக்குத்தான் இதில் சிக்கல் வந்தது. அவள் யோகநாதனுடைய ஆலையில், அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறவள். கன்று நடுகிற நாளில் ஆலைப் பெண்களுக்கும் ஆளுக்கொரு கன்று கொடுத்தார்கள். நெல்லைக் கூட்டிக் குவித்துவிட்டு அவள் போய்ச் சேர, மிஞ்சியிருந்தது ஆலை வேலியோரம் தோண்டிய கிடங்கு ஒன்றுதான். அதில் நட்டாள். வேலை முடிந்து போகும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் கன்றின் நிழல்தான் எல்லாவற்றிலும் பெரிதாய் விரிந்து, வேலி தாண்டிக் களத்தின் மேல் படுத்துக்கொண்டது. பெண்களுக்குக் கால் சுடவில்லை, நெல்லும் காயவில்லை. ஈர நெல் நாறியது, அரிசி கறுத்தது, வாங்குகிறவர்கள் மூட்டையை முகர்ந்து பார்த்துத் திருப்பினார்கள். யோகநாதன் இரண்டு வழி சொன்னார்: கன்றைப் பிடுங்குவது, அல்லது களத்தை மூடிவிட்டுக் காயவைக்கிற மிசின் வாங்குவது. மிசின் வந்தால் களத்துப் பெண்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்ப பிடுங்கட்டும், நிழலைத் திண்டு பசியாறேலாது என்றாள் கூட வேலை செய்யும் தர்மிளா. சிவலட்சுமிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது; ஆனாலும் அன்றும் வேலை முடிந்து போகும்போது கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலமை யோகநாதன் மண்வெட்டியோடு வந்தார். சிவலட்சுமி கன்றுக்கு முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உருத்திரபுரத்தில உங்கட அப்பா வாய்க்காலுக்குப் பொறுப்பா இருந்தவர்தானே. தண்ணி ஒருத்தற்ர வயலுக்கை தேங்கி நிண்டால் வாய்க்காலைத் தூர்த்தவரோ?"

"உனக்கென்ன விசரே? முறை வச்சுத்தான் விட்டவர்."

"அப்ப இதுக்கும் முறை வையுங்கோவன்."

தர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிழலுக்கு ஆர் முறை சொல்லுறது என்று யோகநாதன் கேட்டார். ஆற்றங்கரை மரம், முறை தெரியாமலோ இருக்கும் என்றாள் சிவலட்சுமி. அவர் சுற்றிவரப் பார்த்தார். பாதையில் வந்த சீனி வருத்தக்காரர் கடந்து போகும்வரை பொறுத்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்து, தகப்பன் வாய்க்கால் தலைப்பில் நின்று கூப்பிடுகிற அதே நீட்டலோடு, காலமையும் பின்னேரமும் களத்துக்கு வெயில், சாப்பாட்டு நேரம் மட்டும் களத்துக்கு நிழல், மிச்சமெல்லாம் பாதைக்கு என்று கூப்பிட்டுச் சொன்னார். கதவு திறந்த வாய்க்காலில் தண்ணீர் வடிவதுபோல நிழல் மெல்ல வேலிக்கு அப்பால் வடிந்தது. களத்தின் பள்ளங்களில் கொஞ்சம் தேங்கி நின்றது. அதைத் தர்மிளா விளக்குமாற்றால் கூட்டிவிட்டாள்.

அந்தப் போகத்து நெல் நன்றாய்க் காய்ந்தது. மிசின் கதை பிறகு எழும்பவில்லை. பக்கத்து ஆலைக்காரரும் தங்கள் களங்களுக்கு நிழல் முறை கேட்டு வந்தார்கள். கூட்டம் வைத்து, வாய்க்காலில் போலவே கடைசியில் இருக்கிறவருக்கு முதல் முறை என்று முடிவாயிற்று. யோகநாதன் காய்ச்சலில் கிடந்த கிழமை சிவலட்சுமி முறை கூப்பிட்டாள். நிழல் அவளுடைய குரலுக்கும் வந்தது. அதன்பிறகு அந்த வேலை அவளுடையதாகவே போய்விட்டது.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், பெண்கள் களத்து நிழலில் சோற்றுப் பொதியைப் பிரித்தபோது, யோகநாதனும் தன்னுடைய பொதியோடு வந்து நின்றார். அவர் கணக்கெழுதுகிற கந்தோரில் மின்சாரக் காற்றாடி நின்றுவிட்டதாம்.

"இது களத்து ஆக்களின்ர முறை, முதலாளி" என்றாள் சிவலட்சுமி.

அவர் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வெயிலிலேயே நின்றார். கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, அவள் தள்ளி இருந்து இடம் விட்டாள். வேலிக்கு அப்பால் கன்று அப்போதும் முழங்கால் உயரம்தான்.