கேட்டுக்கு வெளியே விட்ட குழாய்

வெள்ளம் வடிந்த மறுநாள் காலை, அடுக்ககத்தின் கேட்டுக்கு வெளியே பச்சைக் குழாயை இழுத்து விட்டவள் அகல்யாதான். யோசனையும் அவளுடையதே. கள்ளிக்குப்பத்தில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குப் பின்னால், ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. மாடிவாசிகளுக்கு வேலைக்கு ஆள் வருவது அந்தத் தெருவிலிருந்து. மழை கொட்டினால் கால்வாய் புகுவதும் அந்தத் தெருவுக்குள்தான். அரிசி, துணிமணி, அடுப்பு எல்லாம் நனைந்து நாசமாகி, தண்ணீர் லாரியும் சேற்றைத் தாண்டி உள்ளே வர முடியாமல், குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம சம்ப்புல தண்ணி தளும்பி நிக்குது. மோட்டாரைப் போட்டு அவங்களுக்கு விட்டா என்ன?" என்று அகல்யா குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். தரைக்கடியில் இருக்கிற தொட்டி, மின்சாரமே இல்லாமல், லாரியும் வராமல் எப்படித் தளும்பியது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. இத்தனைக்கும் வீட்டுக்கு இரண்டு இன்ஜினியர்கள். மின்சாரம் வந்ததும் செயலாளர் ஸ்ரீநாத் மோட்டாரைப் போட்டார். வரிசையில் நின்ற குடங்களைப் படமெடுத்துக் குழுவிலும் போட்டார். கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன.

முதல் குடம் பிடித்தவள் ரேவதி. அகல்யாவின் வீட்டில் பாத்திரம் கழுவி, பெருக்கித் துடைக்கிறவள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அபார்ட்மென்ட் தண்ணிக்கா, சும்மாவா! எங்க தெருவே உன் பேரச் சொல்லித்தான் குடிக்கிது" என்றாள்.

அகல்யாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து வந்து இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் கூரியர்காரரைத் தவிர வேறு யாரும் அவள் பேரைச் சொன்னதில்லை. அன்று முழுக்க குழாயடியிலேயே நின்று, சண்டை வராமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகு தெருவில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் ஒரு வீடு, அப்புறம் அடுத்தடுத்து. எங்கிருந்தோ வேனில் வந்து கொடுத்த சாம்பார் சாதம்தான் காரணம் என்று ஊரே அந்த வேன்காரர்களைத் திட்டித் தீர்த்தது. பாவம், அவர்கள் வேளச்சேரியா வேலூரா என்றுகூட யாருக்கும் தெரியாது. அகல்யாவும் தன் பங்குக்குத் திட்டினாள்.

ரேவதியின் நான்கு வயது மகள் கிருஷ்ணப்பிரியாவும் படுத்துவிட்டாள் என்று தெரிந்ததும், அகல்யா மருந்துக்கடைக்கு ஓடி உப்புச் சர்க்கரைப் பொடி வாங்கி வந்தாள். "சுத்தமான தண்ணில கலக்கணும் ரேவதி. கொஞ்சம் கொஞ்சமா, நிறுத்தாம குடுத்துட்டே இரு."

ரேவதி நிறுத்தாமல்தான் கொடுத்தாள். குழந்தைக்குக் கண் குழிவிழுந்து, கூப்பிட்டால் திரும்பாத நிலை வந்தபோது ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாநகராட்சியிலிருந்து கலைவாணி என்ற சுகாதார ஆய்வாளர் வந்தது அதற்கு மறுநாள். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து மருந்து விட்டுப் பார்த்தாள். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டுமாம். தண்ணீர் நிறம் மாறவில்லை. சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி.

"வெள்ளத்துல இது ரெண்டும் சேர்ந்துதானே முழுகிச்சு? தண்ணிய எறைச்சுக் கழுவினீங்களா?"

"கார் பார்க்கிங்கைக் கழுவினோம் மேடம்" என்றார் ஸ்ரீநாத். உடனே, பாயிண்ட் கிடைத்த வக்கீல் மாதிரி, "எங்க பில்டிங்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே!" என்றார்.

பக்கத்தில் நின்ற அகல்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மாடியில் யாரும் இந்தத் தண்ணீரை வாயில் வைப்பதே இல்லை. வெள்ளத்துக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. எல்லோர் வீட்டிலும் கேன் தண்ணீர்.

கலைவாணி குழாயை மூடச் சொல்லிவிட்டு, தெருவுக்கு குளோரின் மாத்திரை கொண்டுவருவதாகக் கிளம்பினாள். அவள் போனதும் ஸ்ரீநாத் குரலைத் தாழ்த்தினார். "மோட்டார் ரிப்பேர்னு சொல்லிடலாம். எதுக்கு வீண் பிரச்சினை?" அகல்யாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினாள்.

அரை மணி போயிருக்கும். ரேவதி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, இரண்டு காலி பாட்டில்களோடு வந்தாள். முகம் கறுத்துக் கிடந்தது.

"டிரிப்ஸ் ஏறுதுக்கா. இன்னும் கண்ணு தொறக்கல. முழிச்சதும் வாய நனைச்சிகினே இருன்னு டாக்டரு சொன்னாரு. அந்த ஆஸ்பத்திரி கொழா தண்ணி எப்டி கீதோ, அதான் நம்ம தண்ணி புடிக்க வந்தேன்."

"மோட்டார்... ரிப்பேர் ரேவதி."

"அய்ய, பரவால்லக்கா. ஊட்ல ஒரு கொடம் ரொப்பி வெச்சிகீறேன். அத எடுத்துகினு போறேன்." திரும்பி நடந்தாள்.

அகல்யா சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "வேணாம் ரேவதி! அந்தத் தண்ணிதான்... எங்க சம்ப்புல சாக்கடை கலந்திருக்கு. தெருவுல எல்லாருக்கும் அதனாலதான்."

ரேவதி கையை விடுவித்துக்கொண்டாள்.

"உப்புத் தண்ணியும் அதுலதான்கா கலக்குனேன். சுத்தமான தண்ணின்னியே. அதுக்குன்னு அடிபம்புக்குக் கூட போவாம, உன் தண்ணியாப் பாத்து கலக்குனேன்." பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல, "நீங்கல்லாம் கேன் தண்ணி இல்ல? நாந்தான உன் ஊட்ல கேன் மாத்தி வெக்கிறேன். எனக்கே தோணல பாரு" என்றாள்.

கூப்பாடு போட்டு அழுதிருந்தால்கூட அகல்யா தாங்கியிருப்பாள். பழியையும் அவளே எடுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. "நில்லு ரேவதி, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நான்கு மாடி ஏறினாள். சமையலறையில் பாதி இருந்த கேனை மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தடுமாறி, மூச்சிரைக்கக் கீழே வந்தாள். "இதைக் கொண்டு போ. ஆட்டோவுக்கு நான் சொல்றேன்."

ரேவதி கேனைத் தொடவில்லை. குனிந்து அதன் திறந்த வாயை ஒரு நிமிஷம் பார்த்தாள். நிமிர்ந்தபோது குரலில் கோபம் இல்லை.

"சீல் ஒடைக்காதது இருந்தா குடுக்கா" என்றாள்.