அசையாத சரக்கு

"ஆறு மாசமா அசையாத சரக்கு! வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அது சரக்கு இல்லைங்க, என் கோட்டு!"

"எங்க கிடங்குல எல்லாமே சரக்குதான்."

"இது என்ன உங்க கிடங்கா? என் பீரோ!"

ஈரத் தலையில் துண்டோடு அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றினார்கள். காது கொடுக்க ஒரு சாக்கு வேண்டாமா?

அவள் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்காரி. அன்று பத்து மணிக்குத் தலைமை வரவேற்பாளர் பதவிக்கு நேர்முகம். வருஷக்கணக்காகக் கண் வைத்திருந்த நாற்காலி அது. அதில் இருந்த அம்மாள் ஓய்வு பெறப்போவதாக வாய் திறந்த அன்றே, இந்த ஒரு நாளுக்கென்று கருநீலத்தில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, பத்திரமாக மாட்டியும் வைத்தாள். அந்த அம்மாளோ இதோ அதோ என்று இழுத்தடித்தார். கோட்டு தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, இதில் அவள் பங்கும் உண்டு. காலையில் பீரோவைத் திறந்தால் துணி தலையில் சரியும். துப்பட்டா கிடைத்தால் அதன் சுடிதார் கிடைக்காது. "இந்தப் பீரோவுக்கு யாராவது ஒரு வழி பண்ணக்கூடாதா" என்று தினமும் புலம்பினாள். அந்தப் புலம்பல் போயும் போயும் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அவர் மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். பழைய சரக்கு முன்வரிசை, புதுச் சரக்கு பின்வரிசை, ஆறு மாதம் அசையாதது வெளியே என்பது அங்கே சட்டம். மாத்திரைக்கு அது நல்ல சட்டம். போன ஞாயிறு அவள் தாய்வீடு போயிருந்தபோது, மனுஷர் அதையே பீரோவிலும் ஏற்றிவிட்டார். தட்டுக்குத் தட்டு சீட்டு வேறு.

அந்த வாரம் முழுக்கச் சாயம் போனதுகளும் முட்டி தேய்ந்ததுகளும் முன்னால் நின்று அவளை வரவேற்றன. போன மாதம் வாங்கியதை எடுக்கத் தோள்வரை கையை விடவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள், கோட்டு கடைசியில் பத்திரமாக இருக்கும் என்று. இன்று கடைசிவரை துழாவினாள். பீரோவின் பலகைதான் தட்டுப்பட்டது.

"எங்க அனுப்புனீங்க?"

"மாடிக்குத்தான். தங்கச்சிக்கு. என்ன, வீணாவா போச்சு?"

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். நாத்தனார் டிராவல்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கோட்டா அண்ணி? அழகா இருக்கு. கை மட்டும்தான் நீளம். தையல்காரர்கிட்ட குடுத்து வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா?"

"கொஞ்சம்தான் அண்ணி."

நாத்தனார் அவள் தோளுக்குத்தான் வருவாள். அவளுக்குக் கொஞ்சம் என்பது இவளுக்கு முழங்கையைத் தொட்டது. போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். தலைமை வரவேற்பாளரைக் காணோம்; தங்கை சட்டையைத் திருடிப் போட்ட அக்காதான் நின்றாள்.

கீழே வந்து, கைக்கு வந்ததை இழுத்தாள். வெளுத்த பழுப்பில், பொத்தான் போன ஒரு சுடிதார்.

"பாத்தியா? முன்னால வச்சதால உடனே கிடைச்சுது" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

அவள் பார்த்த பார்வைக்கு மாத்திரை எந்தக் கிடங்கிலும் இல்லை.

நேர்முகத்தில் பெரிய டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நோயாளிங்க ஃபைலை எல்லாம் எப்படி அடுக்குவீங்க?" என்று கேட்டார். கேட்டிருக்கவே கூடாது.

"அடிக்கடி கேக்குறது கைக்கிட்ட இருக்கணும் டாக்டர். எப்ப வந்துச்சுன்னு பாத்து அடுக்குனா வெளங்கவே வெளங்காது! அசையலைன்னு ஒண்ணைத் தூக்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி, அது யாருக்காகக் காத்திருக்குன்னு கேக்கணும்!"

கடைசி வரியில் குரல் உடைந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி, மொடமொடவென்று இஸ்திரி போட்டு வந்த இளையவளுக்குப் போனது. "வெளியூர்ல புதுக் கிளை திறக்கிறோம். அங்க போக ஆளே இல்ல. நீங்க..." என்று டாக்டரம்மா முடிப்பதற்குள் இவள் "சரி" என்றாள்.

"என்னைக் கேக்காமலா சரின்னு சொன்ன?" என்று குதித்தார் ஸ்டோர்கீப்பர்.

"என்னைக் கேட்டா கோட்டைக் குடுத்தீங்க?"



அவள் போய்விட்டாள். அங்கே சின்ன அறையாம், சின்னப் பீரோவாம், தினம் போடுவது முன்னாலாம். இவர் வாரக்கடைசியில் பஸ் ஏறிப் போகிறார். பீரோவில் கை வைக்க மட்டும் அனுமதி இல்லை என்று கேள்வி. நாத்தனார் தன் ஆபீசில் டிக்கெட் போடுகிறவரையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். போகும்போது கோட்டை அண்ணனிடம் கொடுத்து, "அண்ணிகிட்ட சேத்துடுண்ணா" என்றாள்.

அவர் இன்னும் சேர்க்கவில்லை. புதிதாக வந்த சரக்காயிற்றே என்று, காலிப் பீரோவில் அதைப் பின்வரிசையில் மாட்டி வைத்திருக்கிறாராம்.